சுங்கை பெசார் பஸ் எங்கே நிற்கும்?

"பாப்பா, என் பாஸ்போர்ட்ட நீயே வெச்சுக்கயேன்" என்று சொல்லி, பாஸ்டர் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நாற்பதைக் கடந்தவள் நான், பாலர் பள்ளி ஆசிரியை. ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான். அவர் எதையும் எளிதில் பிறரிடம் ஒப்படைக்கிற ஆளில்லை. சபை வேனின் சாவியைக் குளிக்கும்போதுகூடக் கழற்றி வைக்க மாட்டார் என்று பாஸ்டரம்மா கேலி செய்வார். அப்படிப்பட்டவர் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தவர்போலக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவில் என்னை நம்பிக் கொடுக்கிறாரே என்று. பயம் பின்னால் வந்தது. வந்த பயம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

பாஸ்டர் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மலேசியாவில் ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில், எண்ணெய்க்கான செம்பனை மரங்களுக்குள் மறைந்து கிடந்த தொழிலாளர் லயங்களில் ஒன்றில் அவர் வீடு. இளமையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பிறகு ஊழியத்துக்கு வந்தார். டவுனில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மேல்மாடிதான் எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங், சுங்கை பெசார் வரை போவார். பஸ் கிடைக்காதவர்களையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். வயல்காட்டு வாய்க்கால்களின் ஓரம் ஓடும் ஒற்றையடித் தார்ப்பாதைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், எங்களுக்கே குழம்பும். அவருக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. "இங்க ஒரு குழி இருக்கு, பிடிச்சிக்குங்க" என்பார். மறுநொடி வேன் குலுங்கும்.

பயம் என்பதே அவருக்குத் தெரியாது என்று சிறு வயதில் நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா குடித்துவிட்டு வந்தால் வீடு வீடாக இருக்காது. ஒரு மழை நாளின் சாயங்காலம் அவர் பாராங்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார். அம்மாவும் நானும் அடுப்படியில் ஒண்டியிருந்தோம். அக்கம்பக்கத்து ஆண்கள் தூரத்தில் நின்று சமாதானம் சொன்னார்கள், கிட்டே வரவில்லை. அப்போது லோரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தவர் இவர்தான். அன்று இவர் இன்னும் பாஸ்டர் ஆகியிருக்கவில்லை. நேராகக் கத்திக்கு எதிரில் வந்து நின்று, "அண்ணே, நல்லா நனைஞ்சிட்டேன். உள்ள வரலாமா?" என்று கேட்டார். விருந்தாளியை வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்ற வளர்ப்பு அப்பாவின் குடிக்குள்ளும் மிச்சமிருந்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டு எடுத்துக் கொடுத்தார். அப்பா கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டார். ஆனால் இவர் பாஸ்டர் ஆன பிறகும் இவரை ஒரு நாளும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணம் பாஸ்டருடையது. பாரிஸில் ஓர் ஈழத்து அண்ணன் இருந்தார், எங்கள் சபைக் குடும்பம் ஒன்றுக்குச் சம்பந்தி வழியில் சொந்தம். வாடகைக் கூடம் ஒன்றில் சிறிய ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். அங்கே பல நகரங்களில் தமிழ்க் கிழவர்கள் அடுக்குமாடி வீடுகளில் பேச ஆளில்லாமல் கிடக்கிறார்கள் என்றும், நீங்கள் சிலர் வந்து வீடு வீடாகப் பார்த்து ஜெபித்துவிட்டுப் போனால் நல்லது என்றும் அவர் அழைத்தார். பாரிஸ், புருஸ்ஸல்ஸ், கொலோன் என்று மூன்று ஊர்கள். வீடுகளுக்குப் போகாத நேரத்தில் ரயில் நிலைய வாசல்களில் பாட்டுப் பாடி, கைப்பிரதி கொடுப்பது. இதைச் சபையில் அறிவித்த அன்று பாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளக்காரன் கப்பல்ல வந்து நம்ம தோட்டத்துல கோயில் கட்டிக் குடுத்தான். இப்ப அவன் ஊர்ல கோயில் எல்லாம் காலியா கெடக்குதாம். நாம ஒரு எட்டு போயி பாத்துட்டு வரணுமா இல்லையா?" எல்லாரும் கைதட்டினார்கள். பாஸ்டரம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா படுக்கையில் இருந்ததால் அவரால் வர முடியாது. அந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். குழுவில் ஐந்து பேர்: பாஸ்டர், நான், ஓய்வுபெற்ற தபால்கார அண்ணன், ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளம் தம்பதி. பள்ளி விடுமுறை பிப்ரவரிக் கடைசியில் வந்ததால் அப்போது கிளம்பினோம். புறப்படும் அன்று பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "அவரக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார். எல்லா மனைவிமாரும் சொல்வதுதானே என்று தலையாட்டினேன்.

நான் அதற்கு முன் கடல் தாண்டிப் போனதில்லை. பாரிஸில் இறங்கியதும் குளிர் மூக்கைப் பிடித்தது. ரயில் நிலையங்களில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நடந்தார்கள். மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஓடினார்கள். கைப்பிரதியை நீட்டப் போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். நம்மூரில் மலாய்க்காரரிடம் கொடுத்தால் வழக்காகிவிடும் என்பதால், இதை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே பழகியவர்கள் நாங்கள். இங்கே யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று அறிவுக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரியவில்லை. ஒருவன் வாங்கிய வேகத்தில் கசக்கிக் கீழே போட்டான். பாஸ்டர் அதைக் குனிந்து எடுத்து, தொடையில் வைத்துத் தேய்த்துச் சுருக்கம் நீக்கி, அடுத்தவரிடம் புன்னகையோடு நீட்டினார். அதைப் பார்த்ததும் நானும் அடுத்தவரிடம் ஒரு பிரதியை நீட்டினேன். இந்த ஆள் இருக்கும்வரை நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

மறுநாள் ஈழத்து அண்ணனின் கூடத்தில் ஆராதனை. பாஸ்டர் பேசினார். தோட்டத்தில் வெள்ளம் வந்தபோது லோரியின் கூரையில் ஏறி உட்கார்ந்த கதையைச் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். சற்று நேரம் கழித்து அதே கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதே சொற்கள், அதே கையசைவு, சிரிக்க வேண்டிய இடத்தில் அதே நிறுத்தம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் ஏன் என்று புரியாமல் முகங்களைப் பார்த்தார். முடிவில், ஞாயிறுதோறும் எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தார். நாக்கு தானாகவே சொல்லிவிடும் ஜெபம் அது. பாதியில் நின்றார். கண்கள் மூடியிருந்தன, உதடு மட்டும் அசைந்தது. கூடம் காத்திருந்தது. நான் அடுத்த வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு முடித்தார். பயணக் களைப்பு என்று தபால்கார அண்ணன் சொன்னார். நான் நம்பவில்லை.

அடுத்த காலை, ஈழத்து அண்ணன் வீட்டின் சிறிய பால்கனியில் நின்று ஊரில் பாஸ்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே பிற்பகல். பின்னால் கோழி கத்துவது கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாவே அப்படித்தான். கிளாங்குல டாக்டர்கிட்ட காட்டியாச்சு. மறதி நோயுன்னு சொல்லிட்டாங்க."

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதாம்மா வந்தாரு. எல்லாம் மறந்து போறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயிட்டு வந்திடறேன்னாரு. சபையில சொன்னா விட மாட்டாங்க லா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?" என்றார். போனை வைத்த பிறகுதான் பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. கைப்பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தேன். அன்றிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே எனக்குப் பழக்கமானது. மற்றவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே திரும்பிவிடலாம் என்பார்கள். அது அவருடைய ஆசை, கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் ஐந்து பேரின் பொறுப்பும் என் தலையில். பாலர் பள்ளியில் பிள்ளைகளை விலங்குக் காட்சிசாலைக்குக் கூட்டிப்போகும் நாளில் ஓர் ஆசிரியைக்கு இருக்கும் பயத்தை மற்றவர்களுக்கு விளக்க முடியாது. கண்ணைச் சிமிட்டவும் பயமாக இருக்கும். அந்தப் பயத்தோடு, என்னைவிட உயரமான, நான் பார்த்து வளர்ந்த ஒரு மனிதரின் பின்னால் நான் நகரம் நகரமாக நடந்தேன்.

புருஸ்ஸல்ஸில்தான் அது நடந்தது. பிற்பகலில் மழைச் சாரல். கொலோன் போகும் ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுக்க நிலையத்துக்கு வந்திருந்தோம். சீட்டுக் கொடுக்கும் இயந்திரம் தம்பதியில் இளைஞனின் வங்கி அட்டையை விழுங்கிவிட்டது. எல்லாரும் அதைச் சுற்றி நின்று பொத்தான்களை அழுத்தினோம். அட்டை வெளியே வந்தது. நிம்மதியோடு திரும்பினேன். பாஸ்டர் நின்ற இடத்தில் அவருடைய பெட்டி மட்டும் இருந்தது.

முதலில் கழிப்பறையாக இருக்கும் என்றார்கள். இளைஞன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், இல்லை. அப்போது நான் அவருடைய நோயைச் சொல்லிவிட்டேன், நின்ற நிலையில், இரண்டே வாக்கியத்தில். தபால்கார அண்ணனைப் பெட்டியருகே நிற்கச் சொன்னேன். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஒருவேளை அவரும் திரும்பி அங்கேயே வரலாம். தம்பதியர் ஒரு வாசலுக்கு ஓடினார்கள், நான் இன்னொரு வாசலுக்கு. அவரிடம் கைப்பேசி இல்லை, அது பெட்டிக்குள் இருந்தது. மேல்கோட்டுப் பையில் கைப்பிரதிகள் மட்டும். பாஸ்போர்ட் என்னிடம். அவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரு துண்டுத்தாள்கூட அவரிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே டிராம்கள் மணியடித்துக்கொண்டு போயின. இரண்டு மொழிகளில் அறிவிப்புகள், இரண்டும் புரியவில்லை. வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. "பாஸ்டர்! பாஸ்டர்!" என்று கத்தினேன். யாரோ ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். கூட்டத்தில் நரைத்த தலையெல்லாம் அவர் தலையாகத் தெரிந்தது. பாலத்தைப் பார்த்தால் பாலத்தின் கீழே ஓடும் தண்டவாளம் கண்ணில் பட்டது. தண்டவாளத்தைப் பார்க்கவும் பயமாக இருந்தது. துப்பாக்கியோடு நின்ற ஒரு சிப்பாயிடம் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டு, போலீஸ் நிலையம் இருக்கும் திசையைக் காட்டினார். அங்கே போனால் என்ன சொல்வது? உயரமான மனிதர், நரைத்த தாடி, நீல மேல்கோட்டு. இந்த ஊரில் அப்படி எத்தனை பேர். கடைசியில், பிறந்ததிலிருந்து வாயால் சொல்லியிராத அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தெருமுனையில் நின்றுகொண்டு, திரும்பத் திரும்ப. மரியாதை கெட்டுப்போனதுபோல் அழுகை வந்தது. ஊருக்குப் போய்ப் பாஸ்டரம்மாவிடம் அந்தச் சிவப்புப் புத்தகத்தை மட்டும் கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற நினைப்பு வந்தபோது, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

கைப்பேசி அடித்தது. பாரிஸிலிருந்து ஈழத்து அண்ணன்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. ஆள் பத்திரமா இருக்கிறார். ஒரு சலூனிலை இருக்கிறாராம். கடைக்காரர்தான் எனக்குக் கோல் எடுத்தவர். கைப்பிரதிக்குப் பின்னாலை எங்கடை நம்பர் இருக்குதல்லோ, அதைப் பாத்து. இடத்தை உங்களுக்கு அனுப்பிறன்."

தம்பதியரைப் பெட்டியருகே நிறுத்திவிட்டு, தபால்கார அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அது நிலையத்திலிருந்து வெகு தூரம். அத்தனை தெருக்களை அவர் எப்படிக் கடந்தார் என்று இன்றும் தெரியாது. குறுகலான கடை. மொரோக்கோ நாட்டுக்காரர் ஒருவர் நடத்துகிறார். கண்ணாடிக்கு முன்னால், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிய கோலத்தில் பாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கையில் புதினா இலை மிதக்கும் தேநீர். கடைக்காரர் அவருடைய தாடியை மெல்ல மெல்லக் கத்தரித்துக்கொண்டிருந்தார். டிராம் நிற்கும் இடத்தில் பாஸ்டர் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டு, சாலையில் இறங்கிவிட்டாராம். கடைக்காரர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாராம். உட்கார வைத்தால் உடனே எழுந்து வாசலுக்குப் போகிறார். துணியைக் கட்டிக் கத்தரியை எடுத்ததும் அமைதியாகிவிட்டார். அதனால்தான் இவ்வளவு நிதானமாக வெட்டுகிறேன் என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "என் அப்பாவும் இப்படித்தான்" என்றார்.

பாஸ்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மிகவும் மரியாதையாக, மலாயில், வழிப்போக்கரிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்: "பாஸ் கெ சுங்கை பெசார் பெர்ஹெந்தி டி மானா?" சுங்கை பெசார் பஸ் எங்கே நிற்கும் என்று. புருஸ்ஸல்ஸின் தெருவில் எல்லாரிடமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கத்தியைக் கண்டு கலங்காத அந்தக் கண்களில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடியாத பிள்ளையின் பயம். "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றேன். கடைக்காரர் துணியை அவிழ்த்து, கழுத்து முடிகளைத் தட்டிவிட்டு, மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கிளம்பும்போது இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில், தபால்கார அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அவர் கையைப் பிடித்து நடந்தோம். குளிர்ந்த காற்று பட்டதாலோ என்னவோ, ஒரு திருப்பத்தில் அவர் மீண்டு வந்தார். நின்றார். சுற்றிப் பார்த்தார்.

"நான் எங்க போனேன் பாப்பா?"

"சும்மா நடக்கப் போனீங்க, பாஸ்டர்."

"பொய் சொல்லாத." மறுபடி நடக்க ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "லோரியில பிரேக் போயிடுச்சுன்னா முதல்ல காலுக்குத்தான் தெரியும். மிதிப்போம், உள்ள ஒண்ணும் இருக்காது. தொபக்குனு கீழ போயிடும். இப்ப அப்படித்தான் இருக்கு. மிதிக்கிறேன். உள்ள ஒண்ணும் இல்ல."

அன்று தங்கிய அறையில் விவாதம் நடந்தது. இளைஞன் நேராக ஊர் திரும்பிவிடலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. என் மனமும் அதையே விரும்பியது. நான் ஒரு தாளில் தங்குமிடத்தின் முகவரியையும் என் எண்ணையும் எழுதி, பிள்ளைகளுக்குச் செய்வதுபோல அவர் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்தினேன். அவர் தலையைக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, "கொலோன்ல ஒரு வீடு இருக்குதுல்ல? அத மட்டும் பாத்துட்டுப் போயிடலாம். என்னைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்துட்டுப் போனாலும் சரி" என்றார். மறுநாள் காலை கொலோன் ரயிலில் ஏறினோம்.

கொலோனில் அந்த வீடு நான்காவது மாடியில். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், மனைவி இல்லை, புற்றுநோய் முற்றி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மகள்தான் எங்களை அழைத்திருந்தார். ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எங்களைப் பார்க்காமலே, "பிரசங்கம் ஒண்டும் வேண்டாம். போன கிழமை வந்தவையும் இதைத்தான் சொன்னவை" என்றார். மகள் சங்கடத்தோடு எங்களைப் பார்த்தார். வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் பாஸ்டரிடம் ஒரு வேடிக்கைக் கதை இருக்கும், அதைக் கொண்டு கதவைத் திறந்துவிடுவார். அன்று அவரிடம் எதுவும் இல்லை. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தொலைந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்போது சொன்னார்:

"ஐயா, எனக்குப் பயமா இருக்கு."

படுக்கை அசைந்தது. "உங்களுக்கென்ன பயம்?"

"எல்லாம் மறந்துக்கிட்டே போகுது. நேத்து தெருவுல தொலைஞ்சு போயிட்டேன். இத்தன வருசம் ஆண்டவரப் பத்திப் பேசியே பொழைச்சவன். அவரையும் மறந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

ஐயா மெதுவாக, வலியோடு, இந்தப் பக்கம் திரும்பினார். எலும்பும் கண்களுமாக இருந்த முகம். "கிட்ட வந்து இருங்கோ" என்றார். நாற்காலி நகர்ந்தது. "எனக்கும் பயம்தான். இவளுக்குச் சொல்லேல்லை. சொன்னா அழுவாள்." மகள் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஐயாவின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, பாஸ்டரின் கையைத் தேடிப் பிடித்தது. "சரி, இப்ப வேணுமெண்டால் ஜெபியுங்கோ" என்றார். பாஸ்டர் கண்ணை மூடினார். ஒரு சொல்லும் வரவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. இருவரும் அப்படியே இருந்தார்கள். கீழே தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பயணத்தில் நாங்கள் பாடிய பாட்டும் கொடுத்த பிரதிகளும் யாருக்கு என்ன செய்தன என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் நடந்தது மட்டும் தெரியும். நாங்கள் ஊர் வந்து சேர்ந்து சில நாட்களில் ஐயா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. உறங்கும்போது போனார், முகம் அமைதியாக இருந்தது என்று மகள் சொன்னார்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சபையில் கூட்டம் நிறைந்திருந்தது. ஐரோப்பாவில் நடந்த அதிசயங்களைக் கேட்க வந்திருந்தார்கள். பாஸ்டர் மேடையில் ஏறினார். பாஸ்டரம்மா முதல் வரிசையில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தார். பாஸ்டர் நகரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தான் தொலைந்ததைச் சொன்னார், நோயின் பெயரைச் சொன்னார், அடுத்த வாரத்திலிருந்து பிரசங்கம் செய்யப்போவதில்லை என்றார். பிறகு, "உங்க பேரெல்லாம் எனக்கு மறந்து போயிடும். வந்து நின்னுக்கிட்டு, என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதான்னு பரீட்ச வைக்காதீங்க. பயமா இருக்கும். நீங்களே உங்க பேரச் சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்.

எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒருவர் எண்ணெயோடு வந்து, இது பிசாசின் பிடி என்று அவர் தலையை அழுத்தி ஜெபித்தார். பாஸ்டர் மிரண்டுபோய்ச் சுவரோரம் ஒதுங்கினார். இன்னொரு குடும்பம், விசுவாசம் இருந்தால் இப்படி ஆகுமா என்று சொல்லிவிட்டு வேறு சபைக்குப் போனது. சிலர் அவரைப் பார்க்க வருவதையே நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அவர் முகத்தில் தங்களைத் தேடிப் பார்த்து, அங்கே தாங்கள் இல்லை என்று கண்டுகொள்வது எல்லாராலும் தாங்கக்கூடியது அல்ல. வேனை இப்போது தபால்கார அண்ணன் ஓட்டுகிறார். குழிகளில் அறிவிப்பில்லாமல் விழுகிறோம்.

எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. ஒரு பிள்ளையின் பெயர் சட்டென்று வராவிட்டால் வருகைப் பதிவேட்டைத் தேடி எடுக்கிறேன். சந்தையில் தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டால், மிதித்துப் பார்க்கிறேன், பிரேக் இருக்கிறதா என்று. இதைப் பாஸ்டரம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் படுக்கையில் இருந்த அம்மாவையும் அடக்கம் செய்துவிட்டு, இப்போது பாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அதையெல்லாம் நெனச்சா இன்னிக்குச் சோறு யாரு லா ஆக்கறது?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

பாஸ்டருக்குச் சாயங்காலங்கள்தான் கஷ்டம். வெளிச்சம் குறையக் குறைய வீட்டுக்குள் நடப்பார், கதவை இழுப்பார், யாரோ காத்திருக்கிறார்கள் என்பார். பாஸ்டரம்மாவுக்குச் சற்று ஓய்வாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் காராங் பக்கம் போவேன். வயல்களைப் பார்த்தால் கொஞ்சம் அடங்குவார். போன வாரமும் போனோம். நெல் பச்சை மாறும் பருவம். வாய்க்காலில் ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பும்போது நேரமாகிவிட்டது. எதிரே நெல் ஏற்றிய பெரிய லோரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. குறுகலான பாதை. நான் ஓரத்தில் நிறுத்தினேன். லோரியின் வெளிச்சம் கண்ணில் விழுந்ததும் அவர் உடம்பு விறைத்தது. என் கையைப் பற்றிக்கொண்டார். இவ்வளவு பலம் இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று இருந்தது.

"பயமா இருக்கா பாஸ்டர்?"

"இருக்கு" என்றார்.

"நான் யாருன்னு தெரியுதா?" கேட்ட பிறகுதான், கேட்காதீர்கள் என்று அவர் சொன்னதையே கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து மோவாய்வரை. லோரி எங்களை உரசுவதுபோல் கடந்து சென்று, வயல் மறுபடி இருட்டுக்குள் போனது.

"யாருன்னு தெரியல" என்றார். "ஆனா யாரோ பக்கத்துல இருக்காங்க. அது தெரியுது."

பாதை காலியாகிவிட்டது. கியரைப் போட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அதற்கு அவர் பிடித்திருந்த கைதான் வேண்டும். நான் கையை எடுக்கவில்லை.